நாடா வைத்த சிவப்புக் கொடி

வயிற்றால் ஊர்ந்து போவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கையில் இருக்கும் சாமானை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

என் இடது கையில் தண்ணீர்க் கூஜா. வலது கையில் பனையோலையில் கட்டிய நுங்கு. சட்டைப் பைக்குள் மண். வாய்க்குள்ளும் கொஞ்சம் மண். ஆவடியில், ஏரிக்கரையை ஒட்டிய வறண்ட கால்வாய்க்குள், முப்பது வயதைத் தாண்டிய, மத்திய அரசாங்கச் சம்பளம் வாங்குகிற நான் குப்புறக் கிடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயில். கரைமேல் என் ஆறு வயது மகன் ரமேஷ் நின்றுகொண்டு குனிந்து கேட்கிறான்.

"நைனா, எதுனா உழுந்துடுச்சா? நானும் தேடட்டா?"

எதிரே முந்நூறு அடி தூரத்தில், முள் புதர்களுக்கு மேலே, ஒரு மூங்கில் கழியின் உச்சியில் சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கொடிக்குக் கீழேதான் என் மனைவியையும் மூன்று வயது மகளையும் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தேன்.

அந்தக் கொடி என்ன சொல்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

பந்து போன திசை

இந்தத் தொடரைப் படித்துவரும் கொரட்டூர் வாசகி ஒருவர், "உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இத்தனை வாரமாக நான் அவிழ்த்துவிட்டதையெல்லாம் நம்பிய ஒரே ஜீவன். அம்மா, இந்த வாரம் உங்களுக்காகவே.

நாங்கள் இருந்தது ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில். என் அப்பாவுக்கும் அங்கேதான் வேலை என்பதால், நான் பிறந்தது வளர்ந்தது எல்லாமே சங்குச் சத்தத்துக்கு நடுவில். ஊருக்கு வெளியே துப்பாக்கி சுட்டுப் பழகும் மைதானம் ஒன்று உண்டு. சுடுகிற நாளில் அதன் எல்லையில் சிவப்புக் கொடி ஏறும். ஏறிவிட்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது. தெரியாமல் போய்விட்டால் படுத்துவிட வேண்டும். குவார்ட்டர்ஸ் குழந்தைகளுக்கு 'அ' எழுத வருவதற்கு முன்னால் இது வந்துவிடும். மேய்கிற ஆடுகூடக் கொடியைப் பார்த்தால் திரும்பிவிடும் என்பார்கள். ஆட்டைக் கேட்டதில்லை.

சின்ன வயதில் ஒரு தடவை நாங்கள் விளையாடிய பந்து உருண்டு உருண்டு கொடியைத் தாண்டிப் போய் நின்றது. புதுப் பந்து. எட்டுப் பேர் வரிசையாக நின்று அதைப் பார்த்தோம். சாயந்திரம் கொடியை இறக்கினார்கள். அப்போதும் யாரும் போகவில்லை. "இறக்கினவன் மறந்து போய் இறக்கியிருந்தா?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

கேட்டவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஒரு சைக்கிளில் ஒரு குடும்பம்

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. வருடம் கேட்காதீர்கள். ரமேஷுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்த வருடம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

பிள்ளைகளை எங்கேயாவது வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று தனம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனம் என் மனைவி. வேலப்பன்சாவடி பக்கத்தில் நூம்பல்தான் அவளுக்குப் பிறந்த ஊர். அவள் வீட்டில் எல்லோரும் பிறர் நிலத்தில் நடவு, களை என்று கூலிக்குப் போனவர்கள். அவள் தம்பிதான் முதன்முதலில் சேற்றில் இறங்காமல் கம்பெனி வாசலில் இறங்கியவன்.

"பீச்சுக்குப் போலாம்ங்க," என்றாள்.

"பீச்சுல இன்னா கீது? தண்ணி. நம்ம ஏரியிலயும் தண்ணி கீது. இது உப்பே கரிக்காது," என்றேன். இரண்டு குழந்தைகளோடு ரயில் மாறி, பஸ் மாறிப் போவதை நினைத்தாலே எனக்குப் பயம். அதை அவளிடம் சொல்ல முடியுமா?

ஆக, ஞாயிறு காலை சேக்காட்டைத் தாண்டி எங்கள் சைக்கிள் புறப்பட்டது. முன்கம்பியில் துண்டைச் சுற்றி அதன்மேல் கவிதா, பொங்கலுக்குத் தைத்த சிவப்புப் பாவாடையில். கேரியரில் தனம். தனத்தின் மடியில் அடுக்குப் பாத்திரம். கேரியருக்கும் சீட்டுக்கும் நடுவில், எலும்பே இல்லாதவன் மாதிரி மடங்கி ரமேஷ். ஹேண்டில் பாரில் ஒரு பக்கம் பாய், ஒரு பக்கம் கூஜா. எனக்கு இடம் இருந்ததா என்று இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் யாரோ மிதித்திருக்கிறார்கள்.

ஏரிக்கரையில் இறங்கி நிழல் தேடிப் போனோம். வழியில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக நாலைந்து கல் தூண்கள் நின்றன. கம்பி இல்லை, வெறும் தூண்.

"இது இன்னாங்க, யாராவது வேலி போட்ட எடமா?" என்று தனம் கேட்டாள்.

"இதுவா? பழைய கல்லு. ஒண்ணும் இல்ல, வா," என்றேன். எனக்குத் தெரியாது என்ற வார்த்தை அந்தக் காலத்தில் என் வாயில் வராது.

தூண்களைத் தாண்டி ஒரு வேப்பமரம். சுற்றிலும் புதர், நடுவில் நல்ல நிழல். மீன்காரர்கள் யாரோ வலை உலர்த்தப் போட்டுவிட்டுப் போன மூங்கில் கழி ஒன்று கிடந்தது. ரமேஷ் அதைத் தூக்கப் பார்த்துத் தோற்றான். பாயை விரித்தோம். சோறு வந்திருந்தது. ரசம், உருளைக்கிழங்குப் பொரியல், தயிர், விசிறி, கவிதாவுக்கு மாற்று ஜட்டி எல்லாம் வந்திருந்தன. குடிக்கத் தண்ணீர் வரவில்லை.

"கூஜாவ நீ தானே எடுத்துகினு வந்தே?" என்று தனம் கேட்டாள்.

"எடுத்துகினுதான் வந்தேன். அதுல தண்ணி ஊத்தச் சொல்லி நீ சொல்லவே இல்லியே."

தனம் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூஜாவோடு கிளம்பிவிட்டேன். ரமேஷும் தொற்றிக்கொண்டான்.

நுங்கு வாங்கி வந்த வழி

கரைக்கு மேலே ரோட்டோரம் ஒரு டீக்கடை. கூஜாவை நிரப்பிக்கொண்டு, பக்கத்தில் பனைமரத்தடியில் நுங்கு சீவிக்கொண்டிருந்தவரிடம் கொஞ்சம் நுங்கும் வாங்கினேன். அவர் நல்ல மனிதர். சீவிப் போட்ட காய்கள் இரண்டை எடுத்து நடுவில் குச்சி செருகி, கவைக் கம்பு ஒன்றைக் கொடுத்து ரமேஷுக்கு ஒரு நுங்கு வண்டி செய்து தந்தார். பையன் அதைத் தள்ளிக்கொண்டு கடகடவென்று வந்தான். எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

கரை திரும்பியதும் கொடி தெரிந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ கொடி ஏற்றியிருக்கிறார்கள், பாவம் அங்கே யாரும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே இரண்டு அடி நடந்தேன். மூன்றாவது அடியில்தான் அந்த வேப்பமரம் கண்ணில் பட்டது.

மனித மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பது அன்று தெரிந்தது. தப்பாக வேலை செய்யும்போதுதான் அதற்கு இவ்வளவு வேகம். கல் தூண்! அது சுடும் மைதானத்தின் பழைய வேலி. அதைத் தாண்டி சைக்கிளைத் தூக்கி வைத்தது நான். பெண்டாட்டி கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னதும் நான். வெள்ளிக்கிழமை தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஏதோ ஒட்டியிருந்தார்கள். முன்னால் நின்ற கூட்டத்தின் காதுகளுக்கு நடுவில் எனக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தைகள்தான்: 'ஞாயிறு', 'காலை'. சாவகாசமாகப் படிக்கலாம் என்று வந்துவிட்டேன்.

அப்போது ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டப்.

கொஞ்சம் விட்டு இன்னொன்று. டப்.

காலையில் வந்ததிலிருந்தே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காலையில் கொடி இல்லை. இப்போது கொடி இருந்தது. ரமேஷைக் கையோடு இழுத்துக் கால்வாய்க்குள் விழுந்தேன். இழுத்ததில் அவன் வரவில்லை, நான் மட்டும் விழுந்தேன்.

"தனம்!" என்று கத்தினேன். எதிர்க்காற்று. என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

சோப்பு டப்பா

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் வருடா வருடம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். அதில் வாசகம் எழுதும் போட்டி உண்டு. 'பதற்றம் தவிர், பாதுகாப்பாய் இரு' என்று எழுதி முதல் பரிசு வாங்கியவன் நான். பரிசு, மூடி போட்ட பிளாஸ்டிக் சோப்பு டப்பா. என் வாசகத்தைப் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் பட்டறையில், அதாவது ஷாப்பில், மாட்டியிருந்தார்கள். தினமும் எட்டு மணி நேரம் அதன் கீழேதான் நிற்பேன்.

கால்வாயில் கிடந்தபோது அந்த வாசகம் ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை. சோப்பு டப்பா மட்டும் வந்தது. இனி அதில் யார் சோப்பு வைப்பார்கள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

அண்ணாச்சியின் ஆயுத ஞானம்

"என்ன வே, இங்க வந்து கிடக்கீரு?"

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சு மட்டும் ரயில் ஏறவில்லை. ஞாயிறு தவறாமல் உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டோடு ஏரியில் குளிக்க வருவார். அன்றும் எண்ணெயில் மின்னிக்கொண்டு நின்றார்.

நான் கொடிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி என் பக்கத்தில் தொப்பென்று விழுந்தார்.

"கொடி ஏறியிருக்குல்லா! தலையத் தூக்காதேயும்!"

"அண்ணாச்சி, என் பொண்டாட்டியும் பொண்ணும் அந்த மரத்தடியிலதான் கீறாங்க!"

"அடப்பாவி மனுசா. அங்க எதுக்குவே கொண்டு போயி வச்சீரு?"

டப் என்றது ஏரிப் பக்கம். அண்ணாச்சி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ரைபிளு. பழைய மாடலு. சத்தத்துல கனம் இருக்கு பாரும்."

அண்ணாச்சிக்கு வேலை டைம் ஆபீஸில். வருகிறவர்களின் டோக்கனை மாட்டி, போகிறவர்களின் டோக்கனைக் கழற்றுவது. துப்பாக்கியை அவர் படத்தில் பார்த்திருப்பார். ஆனாலும் நான் நம்பினேன். பயந்தவனுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவன்தான் நிபுணன்.

"இப்ப இன்னா செய்றது அண்ணாச்சி?"

"ஒருத்தர் மெயின் கேட்டுக்கு ஓடிப் போயி போன் பண்ணச் சொல்லணும். ஒருத்தர் இங்க இருந்து பாத்துக்கிடணும்."

"நீங்க கேட்டுக்குப் போங்க."

"துண்டோட எப்படிவே கேட்டுக்குப் போவேன்? டைம் ஆபீஸ்காரன்னு மரியாத இருக்குல்லா? நீரு போரும்."

"என் குடும்பம் அங்க கீது. நான் எப்படி இந்த எடத்த உட்டுட்டுப் போறது?"

"அப்ப அங்கனதான் போவும்!"

அந்தப் பேச்சை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். எதிரே என் பெண்டாட்டியும் பிள்ளையும். நடுவில் முந்நூறு அடி வெட்டவெளி. எழுந்து ஓடினால் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கமிட்டி மீட்டிங் நடத்திக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஐந்து நிமிடம் என்பேன். ரமேஷ் அரை மணி என்பான். அண்ணாச்சியின் முதுகில் எண்ணெயோடு மண் ஒட்டிக் காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்தால் ரமேஷ் சொல்வதுதான் சரியோ என்று தோன்றுகிறது.

கடகட

ரமேஷைப் பிடித்து எனக்கு இந்தப் பக்கம் படுக்கவைத்திருந்தேன். விளையாட்டு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சமர்த்தாகத்தான் படுத்திருந்தான்.

"நைனா, பசிக்குது."

"சும்மா இரு."

"அம்மாகிட்ட போலாம் நைனா."

"போகக் கூடாது. கொடி ஏறிகீது பாரு."

அவன் பார்த்தான். நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். கையில் இருக்கிற நுங்கு ஓலையை உயர்த்திக் காட்டினால் சமாதானக் கொடி என்று எடுத்துக்கொள்வார்களா, அல்லது அதையே குறி பார்ப்பார்களா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது முன்னால் எங்கேயோ ஒரு சத்தம்.

கடகட, கடகட, கடகட.

"இது மிசின் கன்னுவே!" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தலையைத் தூக்கிப் பார்த்தேன். வெட்டவெளியின் நடுவில், கொட்டும் வெயிலில், நுங்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ரமேஷ் போய்க்கொண்டிருந்தான். நேராகக் கொடியைப் பார்த்து. வளைந்துகூடப் போகவில்லை.

அந்தக் கணமே பாய்ந்து ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. நீங்களும் நம்புவீர்கள். கொரட்டூர் அம்மா கட்டாயம் நம்புவார். நடந்தது இது: எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். டப் என்று கேட்டது. மறுபடி உட்கார்ந்தேன். பையன் பாதித் தூரத்தைத் தாண்டிவிட்டான். அவன் கால்சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தது இத்தனை தூரத்திலிருந்து தெரிந்தது. தைக்கச் சொல்லி நானேதான் காலையில் தனத்திடம் சொல்லியிருந்தேன்.

அந்தக் கிழிசலைப் பார்த்ததும் ஓடினேன். செருப்பு கால்வாயிலேயே நின்றுவிட்டது. முள் குத்தியது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கூஜா மட்டும் ஏனோ கையிலேயே இருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் என் முழங்காலில் கொட்டியது. "படுங்க! எல்லாரும் படுங்க!" என்று கத்திக்கொண்டே புதரைப் பிளந்து, பாயின்மேல் உட்கார்ந்திருந்த தனத்தையும் கவிதாவையும், அப்போதுதான் வந்து நின்ற ரமேஷையும் சேர்த்து அணைத்தபடி விழுந்தேன்.

ஒரு முழங்கை தயிர்ச் சோற்றில் இறங்கியது. இன்னொன்று எதில் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

"யோவ்! இன்னாய்யா ஆச்சு உனுக்கு? எந்திரி! புள்ளைக்கு மூச்சு முட்டுது!"

கவிதாவுக்கு மூச்சு முட்டவில்லை. ஜட்டியோடு என் கக்கத்துக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "இன்னொரு வாட்டி நைனா," என்றாள்.

"கொடி! கொடி ஏறிகீது தனம்! சுடறாங்க!"

"இன்னா கொடி? எங்க?"

மேலே கையைக் காட்டினேன். காட்டிய கையை இறக்க மறந்துபோய் நானும் பார்த்தேன். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அந்த மூங்கில் கழி நட்டிருந்தது. உச்சியில் சிவப்பு. சிவப்பின் ஓரத்தில் மஞ்சள் பார்டர். பார்டருக்கு எதிர்முனையில் ஒரு வெள்ளை நாடா தொங்கிக் காற்றில் ஆடியது.

அரசாங்கக் கொடிக்கு நாடா எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"ரசத்த மடியில கொட்டிகினா உன் பொண்ணு," என்றாள் தனம். "பாவாடைய ஏரித் தண்ணியில அலசிக் கட்டிவச்சேன்."

"அத ஏன் அவ்ளோ ஒசரத்துல கட்டினே? புதர்மேல போட்டா காயாதா?"

"நீ திரும்பி வரசொல்ல எடம் தெரியாம சுத்துவியேன்னுதான். தூரத்துலேர்ந்தே தெரியட்டும்னு கட்டினேன். தெரியலியா?"

"தெரிஞ்சிது," என்றேன்.

டப் என்றது ஏரி. எதிர்க்கரையில் சலவைக்காரர்கள் இரண்டு பேர் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கை இறங்கிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வந்து சேர்ந்தது.

ஏணைத் துணி

மிச்சமிருந்த சோற்றைத் தனம் தட்டில் போட்டாள். நான் சாப்பிட்டேன். பாதியில் புதர் அசைந்தது. கவிதா வீலென்று கத்தினாள். மண்ணாலேயே செய்த மாதிரி ஓர் உருவம் வயிற்றால் ஊர்ந்து பாய் ஓரம் வந்து தலையைத் தூக்கியது.

"எல்லாரும் உயிரோட இருக்கீயளா?" என்றார் அண்ணாச்சி.

அவரைக் கால்வாயில் விட்டுவிட்டு வந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. அத்தனை தூரமும் ஊர்ந்தே வந்திருக்கிறார். கேட்டுக்குப் போகாமல் இங்கே வந்தாரே என்பதை அன்றே நினைத்துப் பார்த்தேன். தனம் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். விஷயத்தைச் சொன்னோம். பாவாடையை அண்ணாந்து பார்த்தார். சலவைக்காரர்களைப் பார்த்தார். "பழைய மாடலுன்னு சொன்னம்லா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்போதுதான் ரமேஷ் வாயைத் திறந்தான்.

"ம்மா, நைனா மண்ணுல படுத்துக்கினாரு. ரொம்ப நேரம். நான்தான் மொதல்ல வந்தேன்."

தனத்தின் கை பாத்திரத்தில் நின்றது.

"இல்ல தாயி," என்று அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அவரு அப்பமே ஓடிவரத்தான் பாத்தாரு. நாந்தான் புடிச்சு அமுக்கிட்டேன்."

"இல்லம்மா. பெரியப்பா நைனாவைப் புடிக்கவே இல்ல," என்றான் ரமேஷ்.

பிள்ளைகளை உண்மை பேச வளர்ப்பதில் ஓர் அளவு வேண்டும்.

"செவப்புன்னா அபாயம்னு ஊருக்கே தெரியும்," என்று நான் குரலை உயர்த்தினேன். வேறு வழியில்லாதபோது குரலை உயர்த்துவேன். "அதப் போய் கழியில கட்டுவாங்களா?"

"ஒங்க ஊர்ல அப்டி. எங்கூர்ல களையெடுக்கப் போனா, மரத்துல ஏணை கட்டிப் புள்ளைய போட்டுட்டு, பக்கத்துல ஒரு கழி நட்டு செவப்புத் துணி கட்டுவாங்க. வேல எங்கியோ ஒரு கோடியில நடக்கும். குனிஞ்சி குனிஞ்சி நிமுரசொல்ல துணி கண்ணுல படணும். புள்ள அங்க கீதுன்னு அர்த்தம். நானே அந்தத் துணிக்குக் கீழ கெடந்தவதான்."

கவிதாவின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்தச் செவப்பப் பாத்தா எங்கம்மா ஓடியாரும். நீ படுத்துக்கினே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அந்தக் கலை வரும்.

நுங்கு கால்வாயிலேயே கிடந்தது. கூஜாவில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம். அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். தண்ணீர் எடுக்கத் திரும்ப நான்தான் போனேன். இந்தத் தடவை யாரும் கூட வரவில்லை.

கேன்டீனில் வெள்ளையடிப்பு

திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே போய் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றேன். அந்தத் தாள் இன்னும் இருந்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்தேன். ஞாயிறு காலை கேன்டீனில் வெள்ளையடிக்கிறார்களாம். பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட வேண்டுமாம்.

சுடும் மைதானம் ஏரிப் பக்கமே இல்லை, இரண்டு மைல் தள்ளி என்று டைம் ஆபீஸில் ஒருவர் சொன்னார். அங்கே பந்தைத் தொலைத்த எனக்கே கால்வாயில் அது ஞாபகம் வரவில்லை. அந்தக் கல் தூண்கள் எதற்கு என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியவில்லை. இன்று வரை எனக்கும் தெரியாது. இப்போது அந்த வார்த்தை என் வாயில் சுலபமாக வருகிறது.

என் ஷாப்பில், 'பதற்றம் தவிர்' பலகைக்குக் கீழே போய் நின்றேன். அன்று முழுவதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மறுபடி ஏரிக்குப் போக வேண்டும் என்று ரமேஷ் அடம்பிடித்தான். அதே சைக்கிள், அதே வேப்பமரம். இந்தத் தடவை கூஜாவில் தண்ணீர் இருந்தது. இருந்தும் தனம், "நுங்கு வாங்கிகினு வாயேன், போன வாட்டி தின்னவே இல்ல," என்றாள். நான் மட்டும் போனேன்.

வாங்கிக்கொண்டு திரும்பினேன். கரை வளைந்ததும் வேப்பமரத்துக்கு மேலே சிவப்பு ஆடியது. அன்று ரசம் வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கவிதா எதையும் கொட்டியிருக்க முடியாது.

ஏரி டப் என்றது. என் கால் தானாக நின்றது. கால்வாய் பக்கத்திலேயே இருந்தது. போன வாரம் நான் கிடந்த இடத்தில் மண் இன்னும் அமுங்கியிருந்தது.

கொஞ்ச நேரம் சிவப்பையே பார்த்தேன். நாடா தெரிகிற தூரமில்லை. பிறகு நுங்கு ஓலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் இறங்கி, நேராக அதைப் பார்த்து நடந்தேன்.

கொஞ்சம் குனிந்துதான் நடந்தேன்.